நடுக்கடலுக்கு வெங்காயம்

துளைக்கிற கப்பலில் நூற்றுமுப்பது பேர்.
கிழமைக்கு ஒருதரம் அவர்களுக்குப்
பெரிய வெங்காயம் நானூறு கிலோ,
முட்டை நாலாயிரம்,
மிளகாய்த்தூள், உறைப்புக் குறைந்தது
(சிவப்பு மையில் அடிக்கோடு).
கொச்சிக்கடைச் சந்தில் எங்கள் கடையில்
எழுதுவதும் நான், எண்ணுவதும் நான்.
விடியப்புறம் மூன்று மணிக்குத் துறைமுக வாசலில்
லொறியின் பின்கதவைத் தட்டிப் பார்ப்பதும் நான்.

'சேருமிடம்' என்ற கட்டத்தில் ஊர்ப்பெயர் கிடையாது.
இரண்டு எண்கள் மட்டும்.
வேலை குறைந்த ஒரு மத்தியானம்
மகளின் பழைய அட்லஸில் அடிமட்டம் வைத்துப் பார்த்தேன்.
மன்னாருக்குக் கீழே,
நீலம் கறுக்கத் தொடங்குகிற இடம்.

அடிமட்டத்தை ஒரு விரல் மேலே தள்ளினால்
நாங்கள் போன கோடு.

எண்பத்திமூன்று, வைகாசி. கோட்டையில் இரவு மெயில்.
நான், மக்கீன், சித்திரவடிவேல்.
பெட்டிகளில் உடுப்பைவிடச் சவர்க்காரம் அதிகம்,
கராம்பு இரண்டு கிலோ.
அங்கே விற்றால் மெட்ராஸில்
பத்து நாள் படம் பார்க்கலாம்,
அது மக்கீனின் கணக்கு.
மதவாச்சியில் பிளேன்டீ. அதன்பிறகு நித்திரை இல்லை.
தலைமன்னார் இறங்குதுறையில்
உப்புக்காற்று கன்னத்தில் அறைய அறையப்
பாஸ்போட் இருக்கிறதா என்று
மூன்று பேரும் மாறி மாறிச் சட்டைப்பையைத் தடவினோம்.

கப்பலில் சத்தி எடுக்கக் குனிந்தான் மக்கீன்.
கம்பி இடுக்கால் இடது கால் பாட்டா வழுவிக் கடலில் போனது.
வலது காலதைச் சித்திரவடிவேல் உருவி எறிந்தான்:
"ஒண்டை மட்டும் வைச்சு மீன் என்ன செய்யும்?"
சிரித்து முடிய முதல் ராமேஸ்வரம் வந்துவிட்டது.

திரும்புகிற நாள்
சேலைக்கட்டுகளை எங்கள் கையில் தந்தான்.
"ஒரு அலுவல் கிடக்கு. அடுத்த கப்பல்ல வாறன்."
என்ன அலுவல் என்று கேட்கவில்லை.
இருபது வயதில் அதைக் கேட்பது மரியாதைக் குறைவு.

பிறகு ஆடி வந்தது.
மாளிகாவத்தையில் மக்கீன் வீட்டு மேல்மாடியில்,
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்
ஒன்பது நாள்.
இறங்கிவந்து முதல் எழுதிய கடிதம் அவனுக்கு.
இரண்டே சொல்: இப்ப வராதே.

சொன்னதைக் கேட்டான்.
அடுத்த வருஷம் கப்பலும் நின்றது.
திருச்சியிலிருந்து ஒரு கடிதம்,
முத்திரை நனைந்து ஊர் தெரியாத இன்னொன்று.

போன வருஷங்களில் பெற்றோல் வரிசையில்
ஜிந்துப்பிட்டியிலிருந்து ஸ்கூட்டரை உருட்டினோம், மக்கீனும் நானும்.
இரண்டு இரவு. ஐந்து லீற்றர்.
"மன்னார்க் கடலுக்குள்ள கிடக்குதாம்டா,
நாங்க இங்க தள்ளிட்டு நிக்கிறோம்."
துளைக்கப் போகிறார்கள் என்றதும் அவன்தான் முதலில் சந்தோஷப்பட்டான்.
"துளையால என்ட பாட்டா வந்தா சொல்லு."

இன்று காலை ஏஜன்ட் எடுத்தான்.
வாயு இருக்கிறதாம்.
எடுத்துக் கட்டுப்படியாகாதாம்.
சீமெந்து ஊற்றி மூடிவிட்டு
சனிக்கிழமை கப்பல் சிங்கப்பூர் போகிறது.
எண்களை மட்டும் குறித்து வைப்பார்கள்,
பிறகு ஒரு காலம் யாராவது வரலாம் என்று.

நானூறு கிலோ வெங்காயம் லொறியில் ஏறியபடி.
வெயில் ஏற மணக்கத் தொடங்கிவிட்டது.
ரத்துப் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில்
பேனை கொஞ்ச நேரம் நின்றது.

மக்கீனுக்கு எடுத்து ஒரு மூடை கொண்டுபோகச் சொன்னேன்.
மூடின கதையையும் சொன்னேன்.
"அப்ப பாட்டா?"
"எந்தக் கால்டா?"

பேசாமல் இருந்தான்.
பின்னால் அவன் தெருவில்
ஒரு ஆட்டோ கியர் மாற்றுவது கேட்டது.

"வலது" என்றான்.